மலையில் பெய்த மழை எவ்வளவு?

2010 ஆகஸ்ட் 5ஆம் தேதி நள்ளிரவில், லடாக்கின் லே நகரை மண்ணும் பாறையும் கலந்த வெள்ளம் புரட்டிப் போட்டது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் லே நகர மழைமானியில் பதிவான மழை 13 மில்லிமீட்டருக்கும் குறைவு! இந்தச் சிறு மழையா இத்தனை அழிவைச் செய்தது? இல்லை. பெருமழை மானி இருந்த இடத்தில் விழவில்லை. மேலே மலைச்சரிவுகளில் கொட்டியது.

மழைமானியின் குறை

மானி தன் வாய்க்குள் விழுந்த நீரை மட்டுமே அளக்கும். நம் நாட்டில் பரவலாக உள்ள மானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர். சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. மலைக்காற்று துளிகளை ஒதுக்கித் தள்ளிவிடும். தானியங்கி மானியின் புனலை ஓர் இலை அடைத்துக்கொண்டால் கனமழையிலும் கணக்கு பூஜ்யம்தான்.

ரேடாரும் ஏமாறும்

துளிகளில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலையின் வலுவைக் கொண்டு ரேடார் மழையைக் கணிக்கிறது. மலைப்பகுதியில் இதற்கு மூன்று சங்கடங்கள் உண்டு.

1. மலையில் பட்டுத் திரும்பும் அலையும் மழைபோலத் தோன்றும். மலை நகராது, துளி நகரும். அசைவை அறியும் டாப்ளர் ரேடாரில் இதைப் பெரும்பாலும் நீக்கலாம்.

2. முகட்டுக்குப் பின்னால் அலை செல்லாது. அங்கே 'மழை இல்லை' என்று எழுதக்கூடாது. 'தெரியவில்லை' என்றே குறிக்க வேண்டும்.

3. உருகும் பனி அலையை வலுவாகத் திருப்பும். அதனால் சிறு மழையும் பெருமழையாகத் தெரியும்.

சரிபார்ப்பது எப்படி?

சுற்றியுள்ள மானிகளும் ரேடாரும் மழை காட்ட, ஒரு மானி மட்டும் பூஜ்யம் காட்டினால் அடைப்பு இருக்கலாம். அதை ஒதுக்கிவிட்டு, நல்ல மானிகளின் மொத்தத்தை அதே இடங்களுக்கான ரேடார் மொத்தத்தோடு ஒப்பிடுவர். எடுத்துக்காட்டாக, மானிகளில் 60 மி.மீ., ரேடாரில் 40 மி.மீ. என்றால் ரேடார் அளவை 1.5ஆல் பெருக்குவர். கெட்ட மானியை நீக்காமல் பெருக்கினால் ஒன்றின் பிழை பகுதி முழுவதும் பரவிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மலையில் ஒரு சரிவில் மழை கொட்டும். அடுத்த பள்ளத்தாக்கில் வெயில் அடிக்கும். அண்டை மானிகளோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காகவே ஒரு பெரிய அளவைப் பிழை என்று அடித்துவிட்டால், வரப்போகும் வெள்ளத்தின் ஒரே அறிகுறியை நாமே அழித்தவர்களாவோம். 'ஐயத்துக்குரியது' என்று குறித்து, மூல அளவைக் காப்பாற்றி வைத்து, ரேடாரையும் ஆற்றின் நீர்மட்டத்தையும் சாட்சி கேட்டபின் தீர்ப்புச் சொல்வதே முறை.

பத்ரி, கேதாரம் செல்லும் நம் குடும்பங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இங்கே தூறல்தானே என்று ஆற்றில் இறங்காதீர்கள். மேலே என்ன பெய்கிறது என்பது நம் தலையில் விழும் துளிக்குத் தெரியாது.

குழந்தைகளுக்குப் பயிற்சி: அடியும் வாயும் ஒரே அகலமுள்ள இரண்டு டப்பாக்களில் ஒன்றை மொட்டைமாடி நடுவிலும், மற்றதைச் சுவரோரத்திலும் வையுங்கள். மழை நின்றதும் இரண்டிலும் உள்ள நீரை அளவுகோலால் அளந்து பாருங்கள். வேறுபாடு இருந்தால், ஏன் என்று வீட்டில் பேசுங்கள்.