ஒரே எடை, வேற குணம்: ஸ்ட்ரீட் ட்ரிப்பிளும் எம்டி-09-உம்

இந்த வார எபிசோடில் பைக் பற்றிப் பேச ஆரம்பிச்சு, முக்கால்வாசி நேரம் குதிரைத்திறனையே சுத்திச் சுத்தி வந்தோம். அதில் விட்டுப்போன பாதியை இங்கே எழுதுகிறேன். ரவுண்டபவுட்டில் பைக் எப்படிச் சாயுது, குழியில் இறங்கினா முதுகு என்ன பாடு படுது, ஈரமான வளைவுக்குள் போகும்போது கைக்கு நம்பிக்கை வருதா... வாங்கின பிறகு தினமும் உணரப்போறது இதைத்தான்.

பிரிட்டனில் 24 வயசானா, சின்ன பைக் எதுவும் ஓட்டாமலே நேரா முழு ஏ லைசென்ஸுக்கு டெஸ்ட் எடுக்கலாம். பாஸ் பண்ண மறுநாளே 130 குதிரைத்திறன் பைக்கில் ஏறச் சட்டம் அனுமதிக்குது. அதனால் எதை வாங்குறோம், அதை எப்படிச் செட் பண்றோம் என்பது வெறும் ரசனை சார்ந்த விஷயம் இல்லை.

பாடத்துக்கு ரெண்டு பைக்கை எடுத்துக்கலாம்: 2023-இல் வந்த ட்ரையம்ஃப் ஸ்ட்ரீட் ட்ரிப்பிள் 765 ஆர்எஸ், 2021-இல் வந்த யமஹா எம்டி-09. ரெண்டிலும் மூணு சிலிண்டர். பெட்ரோலோடு சேர்த்து எடை 188 கிலோ, 189 கிலோ. முன் டயர் 120/70, பின் டயர் 180/55, ரெண்டும் 17 இன்ச்; அளவு அச்சு அசல் ஒண்ணு. ஆனா அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தா, இது ரெண்டும் ஒரே வகை பைக் என்றே தோணாது. ஏன்?

முதலில் ரெண்டு வார்த்தை

'ரைடு' என்பது சாலை மேடுபள்ளம் உங்க உடம்புக்கு எவ்வளவு வந்து சேருது என்பது. 'ஹேண்ட்லிங்' என்பது நீங்க சொன்னதை பைக் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு துல்லியமா கேக்குது என்பது. பலர் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்குறாங்க. ஒண்ணைக் கூட்டினா இன்னொண்ணு பெரும்பாலும் குறையும். இந்த இழுபறியை எந்த இடத்தில் நிறுத்துறாங்க என்பதில்தான் ஒவ்வொரு கம்பெனியும் வேறுபடுது.

ட்ராலி சக்கரம் சொல்லும் பாடம்

சூப்பர்மார்க்கெட் ட்ராலியின் முன் சக்கரத்தைக் கவனிச்சிருக்கீங்களா? அது திரும்புற அச்சுக்குக் கொஞ்சம் பின்னால்தான் சக்கரம் தரையைத் தொடும். அதனால்தான் ட்ராலியைத் தள்ளினதும் சக்கரம் தானா நேராகுது. பைக்கின் முன் சக்கரத்திலும் இதே கதைதான். ஹேண்டில்பார் திரும்புற அச்சைக் கோடு போட்டுத் தரை வரைக்கும் நீட்டினா, அந்தப் புள்ளி டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழும். இந்த இடைவெளிக்குப் பேர் 'ட்ரெயில்'. அந்த அச்சு செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கு என்பது 'ரேக்'.

ட்ரெயில் அதிகமா இருந்தா, பைக் நேரா போகவே ஆசைப்படும்; மோட்டார்வேயில் நிம்மதி. குறைவா இருந்தா, லேசாத் தொட்டதும் திரும்பும். ஆனா சாலை கொஞ்சம் கரடுமுரடா இருந்தா ஹேண்டில்பார் துள்ள ஆரம்பிக்கும்.

இப்போ எண்களைப் பாருங்க. ஸ்ட்ரீட் ட்ரிப்பிள் ஆர்எஸ்: ரேக் 23.2 டிகிரி, ட்ரெயில் 96.9 மிமீ, ரெண்டு சக்கர மையங்களுக்கு இடையே 1,399 மிமீ. எம்டி-09: 25 டிகிரி, 108 மிமீ, 1,430 மிமீ. வித்தியாசம் 2 டிகிரிகூட இல்லை, 11 மிமீ, 31 மிமீ. பேப்பரில் பார்த்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். சாலையில் அது பெருசாத் தெரியும். வளைவு அடுத்தடுத்து வரும் சாலையில் ட்ரிப்பிளை இடமிருந்து வலமாச் சாய்க்க ஹேண்டில்பாரை லேசா அழுத்தினா போதும். எம்டி-09-க்கு இன்னும் கொஞ்சம் அழுத்தம், இன்னும் கொஞ்சம் நேரம் வேணும்.

பிரேக் பிடிச்சா பைக்கே மாறிடும்

ஸ்பெக் ஷீட்டில் இருக்கும் ரேக்கும் ட்ரெயிலும் பைக் சும்மா நிக்கும்போது உள்ள கணக்கு. முன் பிரேக் பிடிச்சதும் எடை முன்னால் போகும், ஃபோர்க் உள்ளே அமுங்கும், பைக்கின் மூக்கு இறங்கும். ரேக் செங்குத்தாகும், ட்ரெயில் குறையும். அந்த நொடியில் உங்க கையில் இருக்கிறது, இன்னும் சுறுசுறுப்பான வேற ஒரு பைக். வளைவுக்குள் போற வரைக்கும் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா விடச் சொல்லி ட்ரெய்னர்கள் கற்றுத்தருவது இதனால்தான்.

எம்டி-09-இன் முன் ஃபோர்க் 130 மிமீ வரைக்கும் அமுங்கும்; ஆர்எஸ்ஸில் 115 மிமீதான். அதிகப் பயணமும் மென்மையான ஸ்ப்ரிங்கும் இருந்தா குழிகளை அழகா விழுங்கிடும். ஆனா பிரேக் பிடிக்கும்போது மூக்கு அதிகம் இறங்கும். பைக்கின் வடிவக் கணக்கும் அதிகமா மாறும். இப்போ இழுபறி புரியுதா? உங்க முதுகுக்கு நல்லது செய்யும் அதே மென்மைதான், வேகமான வளைவின் வாசலில் 'பைக் என்ன பண்ணப்போகுதோ' என்ற சந்தேகத்தையும் தருது. முதல் தலைமுறை எம்டி-09 வந்தப்போ, சஸ்பென்ஷன் ரொம்ப மென்மை, த்ராட்டில் ரொம்ப வெடுக்கு என்று பல டெஸ்ட் ரைடர்கள் எழுதினாங்க. 2021 மாடலில் யமஹா புது ஃப்ரேம், புது சஸ்பென்ஷன், பைக்கின் சாய்வை அளக்கும் ஆறு அச்சு சென்சார் எல்லாம் கொண்டுவந்தது. குணம் நிறைய மாறிடுச்சு. ஆனாலும் அது இன்னும் சாலைக்காகச் செஞ்ச பைக்தான். ஆர்எஸ், ட்ராக்கை ஒரு கண்ணால் பார்த்துக்கிட்டே செஞ்ச பைக்.

இன்ஜினும் ஹேண்ட்லிங்தான்

ஆர்எஸ்: 130 குதிரைத்திறன், 12,000 ஆர்பிஎம்மில். டார்க் 80 நியூட்டன் மீட்டர், 9,500-இல். எம்டி-09: 119 குதிரைத்திறன், 10,000-இல். டார்க் 93 நியூட்டன் மீட்டர், 7,000-இல். குதிரைத்திறனை மட்டும் பார்த்தா ட்ரையம்ஃப் ஜெயிச்சாச்சு. ஆனா நகரத்தில் யார் 12,000 வரைக்கும் முறுக்கப்போறீங்க? வளைவிலிருந்து வெளியே வரும்போது எம்டி-09 எந்த கியரில் இருந்தாலும் இழுக்கும். ட்ரிப்பிளில் சரியான கியரில் இருக்கணும், இன்ஜினைச் சுத்த விடணும். அந்த உழைப்பு சிலருக்குச் சந்தோஷம், சிலருக்குத் தொல்லை.

ஆனா எம்டி-09-இன் சுலபமான இழுவையில் ஒரு ஆபத்தும் இருக்கு. ஈரச் சாலையில், சாய்ந்திருக்கும்போது, கை கொஞ்சம் அதிகமா முறுக்கினாலும் பின் டயருக்கு உடனே பெரிய இழுவை போய்ச் சேரலாம். ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் காப்பாத்தும்தான். ஆனாலும் புதுசா ஓட்டுறவங்க மென்மையான ரைடிங் மோடில் ஆரம்பிக்கிறது நல்லது.

டயர் என்ற மறைமுக நடுவர்

ஆர்எஸ் ஷோரூமிலிருந்து பிரெல்லி சூப்பர்கோர்சா எஸ்பி வி3 டயரோடு வருது. சூடான, காய்ஞ்ச தார் சாலையில் பசை மாதிரி ஒட்டும். ஆனா நவம்பர் மாசக் காலை, 5 டிகிரி குளிர், ஈர இலைகள் கிடக்கும் சாலை என்றால் அது தப்பான செருப்பு போட்டு நடக்கிற மாதிரி. 2021 எம்டி-09-இல் வந்த பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்22 விளையாட்டுத்தனமான டயர்தான். ஆனா குளிரையும் மழையையும் இதைவிட நல்லாத் தாங்கும். அதனால் ஜூலையில் டெஸ்ட் ரைடு போய் மயங்கி, நவம்பரில் வேலைக்கு ஓட்டப்போறவங்க இதை யோசிக்கணும்.

உங்க எடைக்கு அது செட் ஆகியிருக்கா?

இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கிட்டுப் போறதா இருந்தா, இதை எடுத்துக்கோங்க. ஷோரூமில் நிக்கும் பைக், சராசரி எடை உள்ள யாரோ ஒருத்தருக்காகச் செட் பண்ணது. நீங்க 58 கிலோவா இருக்கலாம், 95 கிலோவா இருக்கலாம். அப்படியே ஓட்டிட்டு 'இந்த பைக் கல்லு மாதிரி இருக்கு' என்று சொன்னா, நீங்க தீர்ப்பு சொல்றது வேற ஒருத்தருடைய செட்டிங்குக்கு.

சோதிக்க ஒரு டேப், ஒரு ஃப்ரெண்ட் போதும்:

1. பைக்கை ஸ்டாண்டில் தூக்கி, பின் சக்கரம் தரையைத் தொடாமல் வைங்க. சக்கர மையத்திலிருந்து நேர் மேலே, சீட் பக்கம் ஒரு புள்ளி வரைக்கும் அளங்க.

2. பைக்கை இறக்குங்க. ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டு ஏறி உட்காருங்க. ஃப்ரெண்ட் பிடிச்சுக்கட்டும். ரெண்டு தடவை குதிச்சு அடங்கின பிறகு அதே இடத்தில் அளங்க.

3. முதல் அளவிலிருந்து ரெண்டாவதைக் கழிச்சா வருவது 'சாக்'. சாலைக்குப் பொதுவா 30 முதல் 40 மிமீ நல்லது. அதிகமா இருந்தா ப்ரீலோடைக் கூட்டுங்க, குறைவா இருந்தா குறைங்க. முன் ஃபோர்க்குக்கும் இதே முறைதான்.

4. அடுத்து ரீபவுண்ட். சீட்டை பலமா அமுக்கி விடுங்க. ஒரே தடவை எழுந்து அடங்கணும். பந்து மாதிரி மறுபடி குதிச்சா ரீபவுண்ட் பத்தலை. தூக்கக் கலக்கத்தில் எழுந்திருக்கிற மாதிரி மெதுவா வந்தா அதிகம்.

5. ஒரு நேரத்தில் ஒண்ணை மட்டும் மாத்துங்க. எத்தனை க்ளிக் என்று போனில் எழுதி வைங்க.

பின்னால் ஆள் ஏத்தினா என்ன ஆகும் என்பதும் இப்போ புரிஞ்சிருக்கும். பின்பக்கம் இறங்கும், ரேக் படுக்கும், ட்ரெயில் கூடும். அதே வளைவில் பைக் திரும்பச் சோம்பல் படும். தம்பியையோ தங்கச்சியையோ ஏத்திக்கிட்டுப் போறதா இருந்தா, பின் ப்ரீலோடைக் கூட்டிட்டுப் போங்க.

அப்போ எது?

சில வருஷ அனுபவம், வார இறுதியில் கிராமத்துச் சாலை, வருஷத்துக்கு ரெண்டு ட்ராக் டே: இதுதான் உங்க வாழ்க்கை என்றால் ஆர்எஸ்தான் என் தேர்வு. தினமும் வேலைக்கு, எல்லாப் பருவத்திலும் ஓட்டணும், இதுதான் முதல் பெரிய பைக் என்றால் எம்டி-09. ட்ரையம்ஃப்தான் வேணும் என்று மனசு அடம்பிடிச்சா, ஸ்ட்ரீட் ட்ரிப்பிள் ஆர் இருக்கு: 120 குதிரைத்திறன், சாலைக்கான கான்டினென்டல் டயர், ஆர்எஸ்ஸைவிடக் கொஞ்சம் நிதானமான ஸ்டியரிங்.

எதை வாங்கினாலும், லவுட் எக்ஸாஸ்டுக்குச் செலவு பண்றதுக்கு முன்னால் அந்த டேப்பை எடுங்க. 'பைக்கா? வேண்டவே வேண்டாம்' என்று சொல்ற அம்மாவுக்கு ஸ்பெக் ஷீட்டைக் காட்டிப் பிரயோசனம் இல்லை. ஈரமான ரவுண்டபவுட்டில் உங்களை நிமிர்த்தி வீடு கொண்டுவந்து சேர்க்கப்போறது சரியான டயரும், உங்க எடைக்குச் செட் ஆன சஸ்பென்ஷனும், அவசரப்படாத கையும்தான்.

உங்க சாக் எத்தனை மிமீ என்று அளந்து பதில் எழுதுங்க. அடுத்த எபிசோடில் அதை வச்சே பேசலாம்.