பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை திரும்பிப் பார்க்கிறதா?



கடையில் ஒரு மூட்டை அரிசி குறைந்தால் அன்றிரவே நமக்குத் தெரிந்துவிடுகிறது. கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்காமல் தூக்கம் வருவதில்லை. ஆனால் வீட்டில் வளரும் ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் இருக்க வேண்டிய ஒன்று குறைந்திருந்தால், நம்மில் எத்தனை பேருக்குத் தெரிகிறது? நாம் கடை திறக்கப் போகும்போது பிள்ளை தூங்குகிறது. அடைத்துவிட்டு வரும்போதும் தூங்குகிறது. பிறரைக் குறை கூற இதை எழுதவில்லை. என் கதையிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.

நான் கிள்ளானில் சிறு மளிகைக் கடை வைத்திருப்பவன். படிப்பு மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும்தான். என் கடைசி மகனுக்கு ஒன்றரை வயது ஆனபோது, "இவன் கூப்பிட்டால் திரும்புவதில்லைங்க. நிலாவைக் காட்டினாலும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை" என்று என் மனைவி சொன்னாள். "எங்கள் வம்சத்தில் ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும், உம்மாவைக் கேட்டுப் பார்" என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன். கிளினிக்கில் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். கடைக்குத் திரும்பும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று போட்டுவிட்டேன். சரக்கை எண்ணாமலே கணக்கெழுதியவன் ஆனேன். கண்ணேறு என்றார்கள், ஓதிப் பார்த்தோம். பத்து மாதங்கள் இப்படியே போயின. பிறகுதான் டாக்டர் வாயிலிருந்து 'ஆட்டிசம்' என்ற சொல்லைக் கேட்டேன்.

ஆட்டிசம் என்பது யாது?

அது பைத்தியம் அன்று, தொற்றுநோயும் அன்று. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு. பிறரோடு பழகுவதிலும், பேச்சிலும், விளையாட்டிலும் அது தெரியவரும். 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 11 பிள்ளைகளைக் கவனித்து இதை எழுதினார். அதன்பின் தாயின் பாசக் குறைவால்தான் இது வருகிறது என்று சிலர் பழி சுமத்தினர். அந்தப் பழி தவறு என்று 1964இல் புத்தகம் எழுதி எடுத்துக் காட்டியவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அவரும் இத்தகைய பிள்ளையின் தந்தையே. ஆகவே, வீட்டுப் பெண்களைக் குறை சொல்ல வேண்டாம்.

தடுப்பூசியால் வருகிறது என்பதும் பொய். 1998இல் அப்படி ஐயம் கிளப்பிய கட்டுரை 12 பிள்ளைகளைப் பற்றியது. அதை வெளியிட்ட 'லான்செட்' பத்திரிகையே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. லட்சக்கணக்கான பிள்ளைகளை ஆராய்ந்தும் தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பு காணப்படவில்லை.

கவனிக்க வேண்டிய குறிகள்

1. பெயர்: ஒரு வயதுக்குள் பெயர் சொல்லி அழைத்தால் பிள்ளை பெரும்பாலும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

2. சுட்டுதல்: ஒன்றரை வயதில் விரல் நீட்டிச் சுட்ட வேண்டும். பிஸ்கட் வேண்டும் என்று சுட்டுவது வேறு, "அத்தா, அதோ பூனை!" என்று நமக்குக் காட்டச் சுட்டுவது வேறு. இந்த இரண்டாவதே முக்கியம். என் மகன் சுட்டமாட்டான். வேண்டிய பொருளின்மேல் என் கையை எடுத்து வைப்பான்.

3. முகம்: நாம் சிரித்தால் சிரிப்பதும், கையசைத்தால் அசைப்பதும், நாம் செய்வதைப் பார்த்துச் செய்வதும் இருக்கின்றனவா?

4. பேச்சு: 16 மாதத்தில் ஒற்றைச் சொல்லும், இரண்டு வயதில் "பால் வேணும்" போன்ற இரு சொல் பேச்சும் வர வேண்டும். வந்த சொல் மறைந்துபோனால் எந்த வயதானாலும் தாமதிக்கக் கூடாது.

5. விளையாட்டு: காரை ஓட்டாமல் அதன் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருப்பது, சார்டின் டின்களை ஓயாமல் வரிசை வைப்பது, கைகளை உதறுவது, சிறு சத்தத்துக்கும் காதைப் பொத்துவது, சிறு மாற்றத்துக்கும் அடங்காமல் அழுவது.

இவற்றுள் ஒன்றைக் கண்டவுடன் ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காது கேளாத பிள்ளையும் அழைத்தால் திரும்பாது. ஆகவே காதையும் சோதிக்க வேண்டும். முடிவு சொல்வது டாக்டரின் வேலை. கவனிப்பது நம் வேலை.

நாம் சொல்லும் சாக்குகள்

"வீட்டில் தமிழ், கடையில் மலாய், அதனால் குழம்புகிறான்" என்கிறோம். பல மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை. "கைபேசி பார்ப்பதால் திரும்புவதில்லை" என்கிறோம். அப்படியானால் கைபேசியை எடுத்துவைத்துவிட்டு அழைத்துப் பார்ப்போம். "பெண் பிள்ளைக்கு இது வராது" என்கிறோம். ஆண் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது உண்மையே. ஆனால் பெண் பிள்ளைகளுக்கும் உண்டு. அவர்களிடம் கண்டறியாமல் விட்டுவிடுவதும் உண்டு.

எங்கே போவது?

அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தோடு 18 மாதத்திலும் மூன்று வயதிலும் 'எம்-சாட்' என்னும் கேள்விகள் கேட்கப்படுகின்றன. உள்ளதை உள்ளபடி பதில் சொல்லுங்கள். ஐயம் வந்தால் அந்த வயது வரும்வரை காத்திராமல் இப்போதே போங்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டரிடமும், பேச்சுப் பயிற்சியாளரிடமும் அனுப்புவார்கள். பெற்றோரும் நிபுணர்களும் சேர்ந்து 1980களில் தொடங்கிய 'நாசோம்' என்னும் தேசிய ஆட்டிசம் சங்கம் உண்டு. செந்தூலில் கல்வி அமைச்சின் 'ஜீனியஸ் குர்னியா' நிலையம் உண்டு. 2008ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டப்படி, சமூகநல இலாகாவில் பதிந்து ஓகேயு அட்டை பெறலாம். அட்டை வாங்குவதில் அவமானம் ஒன்றுமில்லை. வியாபார லைசென்ஸ் வாங்க நாம் வெட்கப்படுகிறோமா? அரசாங்கப் பள்ளிகள் பலவற்றில் சிறப்புக் கல்வி வகுப்பும் உண்டு.

துஆ செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துஆவும் செய்வோம், கிளினிக்குக்கும் போவோம். ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்த வேண்டியதில்லை.

என் மகனுக்கு இப்போது ஏழு வயது. ஆட்டிசம் போய்விடவில்லை. ஆனால் பயிற்சியால் பசியைச் சொல்கிறான், சட்டையைத் தானே போடுகிறான். ஐந்து வயதில் முதன்முதலாக "அத்தா" என்றான். அன்று நான் கல்லாவைப் பூட்ட மறந்தேன். அந்தப் பத்து மாதங்களும் கையில் இருந்திருந்தால் அந்தச் சொல் முன்னமே வந்திருக்குமோ என்னவோ, அல்லாஹ்வே அறிவான். என் மனைவி கண்டதை நான் கேட்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஆகவே சகோதரர்களே, இந்த வாரம் ஒருநாள் அரைமணி முன்னதாகக் கடையை அடையுங்கள். பிள்ளையோடு தரையில் உட்காருங்கள். பின்னாலிருந்து மெதுவாகப் பெயர் சொல்லி அழையுங்கள். அறையின் அந்தக் கோடியில் ஒரு பொருளைச் சுட்டுங்கள். திரும்பினால், பார்த்தால், அல்ஹம்துலில்லாஹ். இல்லையென்றால் மறுநாள் காலை கடைக்கு முன் கிளினிக். வீட்டில் தாய் ஐயப்பட்டுச் சொன்னாலோ, இந்தச் சோதனைகூட வேண்டாம், நேரே புறப்படுங்கள்.

வஸ்ஸலாம்.