ஆசியத் தேனீ மாநாடுகளும் கொங்கு நாடும்

கொங்கு என்னும் சொல்லுக்குத் தேன், பூந்தாது, நறுமணம் எனப் பல பொருள்கள் உண்டு. நாட்டின் பெயர்க்காரணம் யாதாயினும் ஆகுக. வெள்ளியங்கிரியும் ஆனைமலையும் அரணாய் நிற்கும் நம் நாட்டிற்கும் தேனுக்கும் உள்ள தொடர்பு மிகத் தொன்மையானது. ஆதலின், ஆசியக் கண்டத்துத் தேனீ வளர்ப்போரும் அறிஞரும் ஒருங்கு கூடிய மாநாடுகளின் வரலாற்றையும், அதனால் நாம் அறியத்தக்கதையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பண்டு மலைவாணர் அடையைச் சிதைத்தே தேன் கொண்டனர். 1851-ஆம் ஆண்டில் லாங்ஸ்டிராத் என்னும் அமெரிக்கப் போதகர், ஏறக்குறைய அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு இடைவெளி விட்டால் தேனீக்கள் அதனை அடைக்காமல் வழியாகக் கொள்ளும் என்று கண்டார். அதனால் சட்டங்களைத் தனித்தனியே எடுத்து வைக்கத்தக்க பெட்டி தோன்றியது. ஆயின், மேனாட்டுத் தேனீக்கு அமைந்த அப்பெட்டி நம் நாட்டுச் சிறு தேனீக்குப் பொருந்தவில்லை. கத்தோலிக்கக் குருவாகிய நியூட்டன் என்பார் 1911 முதல் 1917 வரை தென்னாட்டு மக்கட்குப் பயிற்சி தந்ததோடு, நம் தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியையும் அமைத்தார். அஃது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தைச் சார்ந்த ஸ்பென்சர் ஹாட்ச் இத்தொழிலை ஏழைக் குடிகளிடையே பரப்பினார். கோயமுத்தூர் வேளாண்மைக் கல்லூரியும் இத்துறையில் உழைத்தது. அக்கல்லூரியினின்று 1971-இல் தோன்றிய பல்கலைக்கழகம் அப்பயிற்சியை இன்றும் அளித்து வருகின்றது.

நிற்க. தேனீ வளர்ப்போரின் முதல் உலக மாநாடு 1897-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிற்று. மேனாட்டார்க்கு உரியது ஒரே வகைத் தேனீ. உலகிலுள்ள தேனீ இனங்களை ஒன்பது எனப் பலர் வகுப்பர். அவற்றுள் எட்டிற்கு ஆசியாவே தாயகம். மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ ஆகியவற்றின் இயல்பை மேனாட்டு நூல்களிலிருந்து மட்டும் எவ்வாறு அறிதல் கூடும்? ஆசியர் தமக்குள் கூடிப் பேச வேண்டுவதன் முதற்காரணம் இதுவே.

இரண்டாம் காரணம் நோய். 1976-இல் தாய்லாந்தில் அடுக்குத்தேனீயின் புழுக்களைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய் காணப்பட்டது. சாக்புரூடு எனப்படும் அந்நோயுற்ற புழு கூட்டுப்புழுவாக மாறாது, நீர் நிறைந்த பைபோலாகி மடியும். 1978-இல் அது மேகாலயத்தில் தோன்றியது. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் தென்னாட்டைச் சூழ்ந்தது. பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட கூட்டங்கள் அழிந்தன. ஈக்கள் நீங்கிய பெட்டிகள் வறிதே கிடந்தன. தேனை நம்பிய குடிகள் பிழைப்பிழந்தனர். அந்நோய்க்கு மருந்தின்மையால், இராணியைச் சிலநாள் அடைத்து முட்டையிடுதலை நிறுத்துவதும், நோயைத் தாங்கிப் பிழைத்த கூட்டங்களையே தேர்ந்து பெருக்குவதும் வழிகளாயின.

அந்நோய் இங்கே பரவிய அதே 1992-ஆம் ஆண்டில், அஃது முதலிற் காணப்பட்ட தாய்லாந்தின் தலைநகராகிய பாங்காக்கில், ஆசியத் தேனீ வளர்ப்புச் சங்கம் நிறுவப்பட்டது. அதன் மாநாடுகள் பின்னர் ஈராண்டுக்கு ஒருமுறை நாடுதோறும் கூடின: 1994-இல் யோகயகர்த்தாவிலும், 1996-இல் ஹனோயிலும், 1998-இல் காத்மாண்டுவிலும், 2000-இல் சியாங் மாயிலும் நிகழ்ந்தன. ஆறாவது மாநாடு 2002-இல் பெங்களூரில் நடைபெற்றது. கோயமுத்தூரிலிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவிற்கே அம்மாநாடு வந்தமை நம் நாட்டிற்குக் கிடைத்த பேறாம். 2008-இல் சீனத்து ஹாங்சோ, 2010-இல் கொரியாவின் பூசான், 2014-இல் துருக்கியின் அந்தாலியா என அதன் பின்னும் அத்தொடர் வளர்ந்தது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? நோய்க்கு நாட்டெல்லை இல்லை. அது தாய்லாந்திலிருந்து தென்னாடு வந்து சேர ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஆயின. அத்துணைக் காலத்தில் அதுபற்றிய அறிவு அதனினும் விரைந்து வந்து நம் சிற்றூர்களை அடைந்திருப்பின், பல குடிகள் முன்னரே விழிப்புற்றிருத்தல் கூடும். மாநாடுகள் அறிவைக் கண்டம் முழுதும் கொண்டு செல்வன. ஆயின் அவற்றின் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைவன. பெங்களூர் வரை வந்த அறிவு பொள்ளாச்சித் தென்னந்தோப்பையும் பல்லடத்து முருங்கைத் தோட்டத்தையும் அடைய வேண்டுமாயின், அது தமிழிற் பேசுதல் வேண்டும். பாகலும் புடலும் பீர்க்கும் ஆண்பூவும் பெண்பூவும் வேறுவேறாகப் பூப்பன. தாதைக் கொண்டு சேர்க்கும் ஈயின்றேல் அவை காய்ப்பது அரிது. ஆதலின் இது தேன் விற்போர்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. உழவர் அனைவர்க்கும் உரியது.

தமிழ் பயிலும் நமக்கு ஈண்டு ஒரு கடமை உண்டு. தேனடையை இறால் என்றும், தேனைப் பிரசம் என்றும் நுணுகிப் பெயரிட்ட மொழி நம்முடையது. அத்தகைய மொழிக்கு இக்கால அறிவைச் சொல்லும் ஆற்றல் இல்லாமற் போகாது. பழம்பாட்டிற்கு உரை காணும் நாம், மாநாட்டுக் கட்டுரை ஒன்றையேனும் உழவர்க்கு விளங்கும் தமிழில் ஆக்கித் தருவோமாயின், நம் கல்வி ஊருக்குப் பயன்பட்டதாகும். பல மலரில் தேடியதை ஓரிடத்துச் சேர்த்துப் பிறர்க்கும் உணவாக்கும் சிற்றுயிரினிடத்து நாம் கற்க வேண்டுவதும் அதுவே.