பாலும் பருப்பும் வாங்கத் தரும் அட்டை: கேட்க ஏன் தயக்கம்?

"பிள்ளை பால் நல்லாய்க் குடிக்கிறான் டொக்டர், சாப்பாடுதான் இறங்குதில்லை." இரண்டு வயதுப் பிள்ளையுடன் வரும் தாய்மார் பலர் இப்படிச் சொல்வதுண்டு. பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும். கண்ணிமையின் உட்புறமோ வெளிறியிருக்கும். இரத்தத்தைச் சோதித்தால் இரும்புச்சத்துக் குறைவு.

பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. ஒரு வயதுக்கு மேல் நாளொன்றுக்கு 350 முதல் 400 மில்லிலீற்றர் பால் போதும். போத்தல் போத்தலாகக் குடித்தால் பருப்புக்கும் கீரைக்கும் இறைச்சிக்கும் வயிற்றில் இடமிராது. (பிஸ்கற் தோய்த்துக் கொடுக்கும் தேநீரை நிறுத்துங்கள். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது குறைக்கும்.)

மற்றது விற்றமின் டி. ஒக்டோபர் முதல் மார்ச் வரை பிரித்தானிய வெயிலில் அது உடலில் போதியளவு உண்டாவதில்லை. எங்கள் நிறத் தோலுக்கு இன்னும் கடினம். குறைபாடு முற்றினால் நடை பிந்தும், கால் வளையும், கைக்குழந்தைக்கு வலிப்பும் வரலாம். ஒன்று முதல் நான்கு வயது வரை தினமும் 10 மைக்ரோகிராம் கொடுக்க வேண்டும்.

சொல்வது சுலபம். வாடகை கட்டியபின் கையில் மிஞ்சாத வீட்டில் பழமும் மரக்கறியும்தான் முதலில் குறைகின்றன. இதற்கென்றே 2006இல் 'ஹெல்தி ஸ்ரார்ட்' திட்டம் தொடங்கியது. முன்பு காகித வவுச்சர். 2022இலிருந்து கடையில் நீட்டும் அட்டை. 10 வாரம் கடந்த கர்ப்பிணிகளும், நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள குடும்பங்களும், யூனிவேர்சல் கிரெடிற் பெற்று, சம்பளமும் குறித்த எல்லைக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். 18 வயதுக்குட்பட்ட கர்ப்பிணியிடம் வருமானம் பார்ப்பதில்லை. பால், பழம், மரக்கறி மட்டுமல்ல, பருப்பு, கடலை, பயறும் வாங்கலாம்; எங்கள் சமையலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பிள்ளைக்கு ஏ, சி, டி விற்றமின் துளிகளும் இலவசம். ஆனால் அட்டை தானாக வீட்டுக்கு வராது, நாமே விண்ணப்பிக்க வேண்டும். (ஸ்கொட்லாந்தில் இதற்குப் பதிலாக 2019 முதல் 'பெஸ்ற் ஸ்ரார்ட் ஃபூட்ஸ்' உண்டு.)

"பிச்சைக்காசு எடுக்கிறாய் என்று சனம் கதைக்கும்" என்பார்கள் சிலர். கதைக்கிற சனம் பிள்ளைக்குச் சோறு போடுவதில்லை.

வெட்கத்தைவிடப் பெரியது பயம்: "சோசல் சேர்விசுக்குப் போனால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள்." சீருடைக்காரரைக் கண்டு ஒளித்து வளர்ந்த எங்களுக்கு அந்தப் பயம் இயல்புதான். ஆனால் வறுமை பிள்ளையைப் பிரிக்கக் காரணமல்ல. இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் 17ஆம் பிரிவு, உதவி தேவைப்படும் பிள்ளையை இயன்றவரை குடும்பத்தோடு வைத்தே பராமரிக்கும்படி கவுன்சிலைப் பணிக்கிறது. உடனடி ஆபத்துத் தவிர, பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளையை எடுக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும்.

விசாவில் 'பொது நிதி பெற முடியாது' என எழுதியிருந்தால், யூனிவேர்சல் கிரெடிற், சைல்ட் பெனிஃபிற் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்குமுன் குடிவரவுச் சட்ட ஆலோசனை பெறுங்கள். 17ஆம் பிரிவு உதவியும் பாடசாலை இலவச உணவும் அந்தப் பொது நிதிக்குள் அடங்கா.

விண்ணப்பம் நிரப்பக் கடினமென்றால் உங்கள் ஹெல்த் விசிற்றரிடம் கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கட்டணமில்லை. மூத்த பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிச் செல்ல வேண்டாம்.