ருஷ்ய மரபின் ஐரிஷ் பாட்டனார்

கேள்வி: பியானோ வாசிப்பில் ‘ருஷ்ய மரபு’ என்கிறார்களே, அது ருஷ்ய மண்ணில் முளைத்ததுதானா?

பதில்: முளைத்தது டப்ளினில். அந்நகரில் 1782இல் பிறந்த ஜான் ஃபீல்டு, லண்டனில் பியானோ வணிகமும் நடத்திவந்த இத்தாலியரான கிளெமென்டியிடம் பயின்று, 1802இல் ஆசானுடன் பீட்டர்ஸ்பர்க் சென்றார்; வாங்க வருவோர் முன்னே வாசித்துக்காட்டி ஆசானின் சரக்கை விற்றுக்கொடுப்பதே அங்கு அவருக்கு வாய்த்த வேலை. அப்போது அங்கு வந்திருந்த ஜெர்மானிய வயலின் கலைஞர் லூயி ஷ்போர், வளர்ந்துவிட்ட அவ்விளைஞருக்குப் பற்றாமற்போன சட்டையையும், குருவும் சீடரும் சட்டைக்கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தொட்டியில் காலுறை துவைத்த காட்சியையும் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். சலவைக்கூலியை மிச்சம் பிடித்த கிளெமென்டி, ஷ்போரையும் அவ்வாறே செய்யச் சொன்னாராம். குருகுலவாசம் எங்கும் ஒன்றுதான். ஆசான் ஊர் திரும்ப, ஃபீல்டு ருஷ்யாவிலேயே தங்கி 1837இல் மாஸ்கோவில் மறைந்தார். அவர் மாணவர் துபூக், துபூக்கின் மாணவர் ஸ்வெரெவ், ஸ்வெரெவின் மாணவர் ரஹ்மானினோவ் என வழி இறங்குகிறது.

கேள்வி: அப்படியானால் இன்று எந்நாட்டவர் வாசித்தாலும் ஒன்றுபோல் கேட்பதேன்?

பதில்: வழக்கம்போல், போட்டிகளால். முன்பு அப்படியில்லை. விசைகள் அழுந்துவதைத் துளைகளாகப் பதிந்துகொண்டு பின்னர் அவ்வாறே இசைக்கவைக்கும் காகிதச் சுருளில் 1906இல் பியானோ ஆசான் லெஷெடிட்ஸ்கி வாசித்த ஷோப்பானின் நாக்டர்னில் (இரவின் அமைதி தோய்ந்த இச்சிறு வடிவத்தைத் தொடங்கிவைத்தவரும் ஃபீல்டே) இடக்கை முந்த, வலக்கையின் மெட்டு இமைப்பொழுது பிந்தி இறங்கும். அன்று நயமெனப்பட்ட அது, இன்று முதற்சுற்றோடு ஊருக்கு அனுப்பிவிடும்; நடுவர் ஒருவர் மனமும் கோணாதபடி வாசிப்பவருக்கே பரிசு என்றான பின் கோணலுக்கு இடமேது? மரபுகளும் நாடு தாண்டிக் கலந்துவிட்டன. 1958இல் மாஸ்கோவில் நடந்த முதல் சைக்கோவ்ஸ்கி போட்டியில் 23 வயது அமெரிக்கர் வான் கிளைபர்ன் வென்றதை ருஷ்ய மரபின் தோல்வியாக அமெரிக்காவில் கொண்டாடினர். ஆனால் அவருக்கு நியூயார்க்கில் கற்பித்த ரோசினா லெவினோ மாஸ்கோ இசைக்கல்லூரியில் தங்கப்பதக்கம் பெற்றவர். மாஸ்கோ தன் பேரனுக்கே பரிசளித்தது.

கேள்வி: என் மகளைப் பியானோ ஆசிரியை செர்னி பயிற்சிகளால் வதைக்கிறார், நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: பீத்தோவனின் மாணவரும், லிஸ்ட், லெஷெடிட்ஸ்கி இருவருக்கும் ஆசானுமான செர்னி, 800க்கும் மேற்பட்ட படைப்பு எண்களை நிரப்பிவிட்டே 1857இல் ஓய்ந்தார். அவற்றுள் சிலவற்றோடு நிறுத்திக்கொண்ட ஆசிரியைக்கு நன்றி சொல்லுங்கள்.