துப்பாக்கிப் பயிற்சி மையம் வந்தால் ஊருக்கு நல்லதா?

கேள்வி: மத்தியப் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் கிராமத்துப் பக்கம் வந்தால் ஊர் முன்னேறும் என்கிறார்களே, உண்மையா? – வாசகர், குறிஞ்சிப்பாடி

பதில்: ஓரளவு உண்மை. அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் இருக்கிறது. 949-இல் அங்கே போரில் மாண்ட சோழ இளவரசர் ராஜாதித்தன் பெயரை 2025-இல் அதற்குச் சூட்டினார்கள். பெயரில் தமிழ் மணக்கிறது, சரி. வேலை? காவலர் தேர்வு அகில இந்திய அளவிலானது. 2024 முதல் அதைத் தமிழிலும் எழுதலாம் என்பது நல்ல மாற்றம்தான். ஆனால், அதற்கு உள்ளூரில் மையம் வர வேண்டிய அவசியமில்லை. பால், காய்கறி, டீக்கடை வியாபாரம் கூடும், அவ்வளவே.

என் கவலை துப்பாக்கி சுடுதளம் பற்றியது. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்தபோது பாய்ந்து வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாட்களில் அவன் இறந்தான். நிவாரணம் 10 லட்சம் ரூபாய். நாட்டுப் பாதுகாப்புக்குப் பயிற்சி வேண்டாமா என்பார்கள். வேண்டும், வீட்டுக்கு எட்டாத தூரத்தில் வேண்டும். மையத்துக்கு எடுப்பது புறம்போக்கு நிலம்தானே என்றால், மேய்ச்சலுக்கும் அதுதான் நிலம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் கால்வாய்க்காக விளைந்து நின்ற நெல்லில் இயந்திரம் இறங்கியதைப் பார்த்தது உங்கள் கடலூர் மாவட்டம். எனவே, கிராம சபையில் முதலில் சுடுதளத்தின் வரைபடத்தைக் கேளுங்கள். அடிக்கல் நாட்டு விழாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.