சந்தையில் கிடைத்த உளி: கைவேலை பழகும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

பென்னாகரம் வாரச்சந்தையின் ஓரத்தில் சாக்கு விரித்துப் பழைய இரும்புச் சாமான்களைப் பரப்பியிருந்த ஒருவரிடம், ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைக்கும் குறைவாக ஓர் உளி வாங்கியதையும், வீடு திரும்பும் வழியெல்லாம் மனம் துள்ளியதையும், வீட்டிலுள்ளோர் அதைப் பார்த்து, துருப்பிடித்த இந்த இரும்புத் துண்டுக்கா இத்தனை ஆனந்தம் என்று கேட்டதையும் விவரமாக எழுதி, இவ்வளவு சிறிய விஷயத்துக்காக இவ்வளவு சந்தோஷப்படுவது அற்பத்தனமா என்று முடிவில் வினவியிருக்கிறாய். அற்பத்தனம் அன்று என்பதே என் தீர்மானமான பதில். ஆயினும் அந்தச் சந்தோஷம் எதனால் பிறக்கிறது என்று அறிந்துகொண்டால்தான் அது கெடாமல் பாதுகாக்க முடியுமாதலால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்; உன்னைப் போலவே வீட்டின் அலமாரியையும் கதவையும் சொந்தக் கையால் செப்பனிடப் பழகும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதைப் பொது மடலாகவும் வெளியிடுகிறேன்.

விலைக் குறைவு ஒன்றுதான் காரணமென்றால், எந்தப் பொருளை மலிவாக வாங்கினாலும் அதே ஆனந்தம் உண்டாக வேண்டும். உண்டாவதில்லை என்பது எல்லோருக்கும் அனுபவம். எத்தனையோ பேர் ஏறிட்டும் பாராமல் கடந்துபோன அந்தச் சாக்கின்மேல், துருவுக்கு அடியில் நல்ல எஃகு உறங்குவதை உன் கண் கண்டுகொண்டதே, அந்தக் கண்டுகொள்ளுதலில்தான் உன் மகிழ்ச்சியின் வேர் இருக்கிறது. சென்னையில் 1900-ஆம் ஆண்டு திறக்கப்பட்டு 1985-ஆம் ஆண்டு தீக்கிரையான மூர் மார்க்கெட்டில், பழைய புத்தகங்களிடையிலும் பழைய சாமான்களிடையிலும் பொழுதெல்லாம் துழாவித் திரிந்தவர்கள் பணத்தை மிச்சப்படுத்துவதற்காக மட்டுமா அப்படித் திரிந்தார்கள்? தங்கள் ரசனையையும் விவேகத்தையும் தாங்களே பரீட்சித்துப் பார்த்து, அந்தப் பரீட்சையில் தேறியதற்குரிய வெகுமதியைக் கையோடு எடுத்துவரும் இன்பத்துக்காகவும்தான் திரிந்தார்கள். ஆகவே இந்த மகிழ்ச்சி ஞானத்தின் பலன். ஞானம் பெருகும் அளவுக்கு இதுவும் பெருகும்.

அந்த ஞானத்துக்கு வேண்டிய சில முறைகளைச் சொல்கிறேன். சந்தைக்குப் போகும்போது பையில் ஒரு சிறு அரத்தைப் போட்டுக்கொள். விற்பவரின் சம்மதம் பெற்று, உளியின் வாய்க்கு அருகே அதன் ஓரத்தில் மெல்ல இழுத்துப் பார்த்தால், அரம் சரியாகப் பற்றாமல் வழுக்கும் உளி பதமேறிய எஃகு என்றும், அரத்தின் பற்கள் தாராளமாகச் சுரண்டும் உளி மிருதுவான இரும்பு அல்லது எப்போதோ நெருப்பில் பட்டுப் பதம் இழந்தது என்றும் அறியலாம். கூர்மை என்பது இரண்டு தளங்கள் சந்திக்கும் கோடாதலால், உளியின் தட்டையான முதுகுப் பக்கத்தில், வாயை ஒட்டி, துரு ஆழமாகக் குழி பறித்திருந்தால் அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடு; மேலாகப் படிந்த துருவைப் பற்றிக் கவலைப்படாதே. ரம்பத்தை வில்லாக வளைத்துவிட்டால் அது கோணாமல் நேராக நிமிர வேண்டும். இழைப்புளியில் அலகு இன்னும் எத்தனை காலம் தீட்டுவதற்கு மிச்சமிருக்கிறது என்று பார். ரசமட்டத்தை ஒரு பலகையின்மேல் வைத்து, குமிழி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு இடம் வலமாகத் திருப்பி அதே இடத்தில் வை. குமிழி இரண்டு முறையும் ஒரே பக்கமாக ஒரே அளவு ஒதுங்கினால் சாய்ந்திருப்பது பலகை, மட்டத்தில் பிழையில்லை. மூலைமட்டத்தையும் இப்படியே, ஒரு கோடு கிழித்து, திருப்பி வைத்து, அதே புள்ளியிலிருந்து மறு கோடு கிழித்துச் சோதிக்கலாம். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படியாவிட்டால் அதன் கோணம் தவறிவிட்டது.

வாங்குவதோடு காரியம் பாதிதான் முடிகிறது. துருவைப் போக்குவதற்குக் கடைச்சரக்கு எதையும் நீ தேட வேண்டியதில்லை. தர்மபுரிச் சீமையில் புளியமரத்துக்குப் பஞ்சமா என்ன? புளியில் டார்டாரிக் அமிலம் நிறைந்திருப்பதால், பழம் புளியைக் கெட்டியாகக் கரைத்து அதில் உளியை ஓர் இரவு ஊறவைத்தால் துரு நெகிழ்ந்துவிடும். காலையில் தேங்காய் நாரால் தேய்த்து, சோடா உப்புக் கலந்த நீரில் அலசி, ஈரம் சிறிதும் தங்காமல் துடைத்து, உடனே எண்ணெய் பூசிவிட வேண்டும். அமிலம் துருவோடு நில்லாமல் எஃகையும் அரிக்குமாதலால் நாட்கணக்கில் ஊறவிடுவது கூடாது. பிறகு முதுகுப் பக்கத்தைச் சாணைக்கல்லில் கண்ணாடிபோல் சமமாக்கிவிட்டு, மறுபக்கத்தை இருபத்தைந்து பாகைச் சரிவுக்குத் தீட்டு. மின்சாரச் சாணையில் தீட்ட நேர்ந்தால் அடிக்கடி நீரில் தோய்த்துக்கொள். சூட்டினால் விளிம்பில் வைக்கோல் நிறம் தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும், நீல நிறம் ஏறிவிட்டால் அந்த அளவுக்குப் பதம் போய்விட்டது என்று அர்த்தம். பிடி உடைந்திருந்தால் புதுப் பிடி போட்டுக்கொள். உளியை அடிக்கும் கொட்டாப்புளிக்கு, இறைச்சிக் கடைகளில் வெட்டுக்கட்டையாக இத்தனை அடிகளையும் தாங்குகிற அதே புளியமரத்தின் வைரக்கட்டை வெகு பொருத்தம். இவ்வளவு பிரயாசைப்பட்டு முடிக்கும்போது, கடைக்காரர் சொன்ன விலையைவிட எத்தனையோ மடங்கு உன் உழைப்பு அந்த உளியில் சேர்ந்திருப்பதை உணர்வாய். அது உனக்குச் சொந்தமாவது அப்போதுதான்.

நீ வசிக்கும் பூமி இரும்புக்குப் புதியதன்று. முன்பு சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்து 1965-இல் தனி மாவட்டமான தர்மபுரியிலிருந்து 2004-இல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், மயிலாடும்பாறை என்ற இடத்தில் நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட இரும்பின் காலம் கி.மு. 2172 என்று கணிக்கப்பட்டிருப்பதாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. நான்காயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தப் பரம்பரை இன்றும் அற்றுப்போகவில்லை. தொப்பூர்க் கணவாயில் பாரம் ஏற்றி ஏறி இறங்கித் தேய்ந்த லாரிகளின் அடியிலிருந்து கழற்றப்படும் பட்டைகள், வளைந்தும் முறியாத தன்மைக்காகவே செய்யப்பட்ட எஃகாதலால், கொல்லுப்பட்டறையில் மறுபடி உலையேறி அரிவாளாகவும் கொடுவாளாகவும் பிறவி எடுக்கின்றன. ஒகேனக்கல்லில் பரிசல் கட்டுகிறவர் ஒரு கத்தியைக் கொண்டே மூங்கிலைப் பிளந்து, சீவி, வட்டமாகப் பின்னி முடிக்கும் லாகவத்தைக் கவனித்துப் பார். கருவிகளின் எண்ணிக்கைக்கும் வேலையின் சிறப்புக்கும் சம்பந்தமில்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். மலிவில் இரண்டு ஜாதி உண்டு. பிறர் கவனியாமல் ஒதுக்கிய பொருளை நீ கவனித்ததனால் கிடைக்கும் மலிவு ஒன்று; செய்தவனுடைய கூலியைக் குறைத்ததனால் கிடைக்கும் மலிவு மற்றொன்று. முதலாவது உன் கண்ணின் சம்பாத்தியம், இரண்டாவது பிறர் வயிற்றின் நஷ்டம். காந்தியடிகளின் முயற்சியால் 1934-இல் ஏற்பட்ட அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் பொறுப்பை ஏற்று நடத்திய ஜே. சி. குமரப்பா, தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, கணக்கையே தொழிலாகக் கொண்டிருந்தவர். அப்படிப்பட்டவரே, ஒரு பொருளை வாங்குகிறவன் அது உண்டான விதத்துக்கும் தார்மிகப் பொறுப்பாளி ஆகிறான் என்றும், விலை என்ற ஒற்றை அளவுகோலால் எதையும் மதிப்பிடலாகாதென்றும் வாழ்நாள் முழுதும் வற்புறுத்தி வந்தார். ஆகவே பழைய இரும்புக் கடையில் யாரோ எறிந்த உளிக்குப் பேரம் பேசு, அதில் குற்றமில்லை. உலைக்கு முன்னே வெந்து, சம்மட்டி அடித்துத் தானே செய்த அரிவாளைத் தானே தூக்கிவந்து விற்கும் கொல்லரிடம் பத்து ரூபாய்க்காக வாதாடாதே. கேட்ட விலையைக் கொடுத்து, எந்த இரும்பு, எந்தச் சூட்டில் நீரில் இறக்கினார், எப்படித் தீட்ட வேண்டும் என்று மரியாதையோடு விசாரி. கொடுத்த பணத்துக்கு மேல் ஒரு பாடத்தையும் அவர் உனக்குத் தந்தனுப்புவார். பேரத்தில் மிச்சமாகும் தொகை ஒருநாளும் அந்தப் பாடத்துக்கு ஈடாகாது.

வேறு இரண்டு அபாயங்களையும் குறிப்பிடுகிறேன். பளபளவென்று முலாம் பூசி, ஒரே பெட்டியில் ஐம்பது அறுபது கருவிகளை அடுக்கி, அற்ப விலைக்குக் கூவி விற்கப்படும் தொகுதிகளைக் கண்டு மயங்காதே. முதல் முறை இறுகின திருகாணியைத் திருப்பும்போதே முனை மழுங்கும் திருப்புளி, எந்த விலைக்குக் கிடைத்தாலும் அதிக விலைதான். மற்றொன்று, சேர்க்கும் ஆசை. தேடிக் கண்டுபிடிப்பதில் ருசி ஏற்பட்டுவிட்டால், வேலைக்காகக் கருவி என்ற நிலை மாறி, கருவிக்காகக் கருவி என்ற நிலை வந்துவிடும்; உளிகளின் வரிசை நீண்டுகொண்டேயிருக்க, அலமாரியின் கதவு மட்டும் கீல் கழன்றபடியே நிற்கும். செய்ய நினைத்துள்ள வேலைகளை முதலில் ஒரு தாளில் எழுதி, அவற்றுக்கு வேண்டியதை மட்டும் சந்தையில் தேடு. ஏற்கெனவே இருப்பதைப் போன்ற இரண்டாவது உளி நல்ல விலைக்கு வந்தால், வேலை பழக விரும்பும் யாருக்கேனும் கொடுப்பதற்காக வாங்கலாம், பெட்டியில் பூட்டி வைப்பதற்காக வேண்டாம்.

பெரிய ஆனந்தங்கள் வாழ்க்கையில் எப்போதாவது வருகின்றன. அவற்றை நாம் வரவழைக்க முடியாது. இந்தச் சிறிய ஆனந்தமோ வாரந்தோறும் சந்தை கூடும் ஊரில், கண்ணைத் திறந்து வைத்திருப்பவர் எவருக்கும், பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கிட்டக்கூடியது. அதை அற்பமென்று யார் சொன்னாலும் நீ வெட்கப்பட வேண்டியதில்லை. உளியைத் தீட்டி முடித்ததும் அந்த வாரமே அதைக்கொண்டு ஏதேனும் ஒரு வேலையைச் செய்: கதவு நிலையில் கீல் படியும் இடத்தைக் கொத்து, அல்லது பாட்டிக்கு ஒரு மணை செய்துகொடு. செய்தது என்ன, உளி எப்படி வெட்டியது, எங்கே தடுமாறினாய் என்பதையெல்லாம் அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது. தடுமாறிய இடத்துக்கு நாம் சேர்ந்து வழி காண்போம்.

உன் கைவேலை செழிக்க வாழ்த்தும்,
அண்ணன்